நோயாளி இல்லாத நாட்டில் மலேரியாக் கண்காணிப்பு எதற்காக?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனத்திடம் சான்றிதழ் பெற்றுவிட்டது, அதன் பிறகும் இலட்சக்கணக்கானோரின் குருதியை ஆண்டுதோறும் சோதிப்பது ஏன், நாடு தழுவிய கண்காணிப்பை நடத்துவதில் உண்மையான சிரமம் எது, மற்ற நாடுகள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன்; நான் சொல்ல வேண்டிய மற்றவை எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. ஒரு மாவட்டத்திலிருந்து "இந்த மாதம் மலேரியா நோயாளி எவரும் இல்லை" என்று அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேடிப் பார்த்தும் ஒருவரும் அகப்படவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். யாரும் தேடவே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். தாளில் இரண்டும் ஒரே பூச்சியமாகத்தான் பதிவாகும். முதலாவது பூச்சியத்துக்குப் பணம், ஆள், வாகனம், நுணுக்குக்காட்டி, நாள்தோறும் சலிப்பூட்டும் வேலை என்று எல்லாம் தேவை. இரண்டாவது பூச்சியம் செலவே இல்லாமல் கிடைக்கும். கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறவரின் வேலை, தன் கையில் உள்ள பூச்சியம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எந்த நாளிலும் நிரூபிக்கக்கூடிய நிலையில் இருப்பதுதான்.

இலங்கை இந்தப் பாடத்தை மிகக் கடுமையான விலை கொடுத்துக் கற்றது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஆறுகள் ஓட்டம் நின்று, மணற்படுகைகளில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியபோது, அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பு (தமிழகத்தில் கொசு என்பார்கள்) அந்தக் குட்டைகளில் பெருகியது. அதைத் தொடர்ந்த கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. கேகாலையும் குருணாகலும் மிக மோசமாக அடிபட்டன. மலேரியாவை ஒடுக்குவதற்கான நாட்டின் முதல் நிலையம் 1911இலேயே திறக்கப்பட்டது அதே குருணாகலில்தான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிலையம் இருப்பதும், வரவிருக்கும் ஆபத்தை அது முன்கூட்டியே காண்பதும் வெவ்வேறு விடயங்கள்.

1946இல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்ற பூச்சிகொல்லியைத் தெளிக்கத் தொடங்கிய பின் நோய் வேகமாகச் சரிந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவானவர்கள் வெறும் 17 பேர். இலங்கையின் மலேரியா வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த எண்ணைச் சொல்லாமல் கடப்பதில்லை. ஆனால் பெரும்பாலும் அதைத் தவறான பாடத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். தெளிப்பை நிறுத்தியதால் நோய் திரும்பியது என்பது பாதி உண்மை. தெளிப்பை என்றாவது ஒரு நாள் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டியது கண்காணிப்பு. அது அந்தச் சுமையைத் தாங்கும் அளவுக்கு வலுவாக இருக்கவில்லை. காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்யப் போனவர்கள், எலஹெரப் பகுதியில் மாணிக்கக்கல் தோண்டப் போனவர்கள் என்று நிலையான முகவரி இல்லாமல் நடமாடியவர்களிடையே காய்ச்சல் பரவியபோது, அது பதிவேட்டுக்கு வரும் முன்னரே அவர்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். 1969ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். 17இலிருந்து ஐந்து இலட்சத்துக்கு ஆறு ஆண்டுகள்! அதன் பின் டி.டி.டி.க்கு நுளம்புகள் மசியாமல் போனதும், 1970களின் பிற்பகுதியில் மலத்தியோன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாறியதும், 1980களில் மீண்டும் ஒரு பெருந்தொற்று எழுந்ததும் தனிக்கதை.

இரண்டாவது வகைப் பூச்சியம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கண்காணிப்பு பலவீனமாக உள்ள இடங்களில் பதிவான எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு அண்டை நாடான இந்தியாவே சான்று: உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2017ஆம் ஆண்டு உலக மலேரியா அறிக்கையின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் உண்மையாக நிகழ்ந்த நோய்களில் சுமார் 8 விழுக்காடு மட்டுமே அரசின் கண்காணிப்பு வலையில் சிக்கின. தனியார் மருத்துவரிடம் போகிறவர், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர், மலைக்கிராமத்தில் காய்ச்சலோடு படுத்துக் கிடக்கிறவர் ஆகியோரில் எவரும் எண்ணிக்கைக்குள் வருவதில்லை. பின்னாளில் இலங்கை இந்த ஓட்டையை அடைத்த விதம் எளிமையானது, ஆனால் பலரும் கவனிக்காதது. மலேரியாவுக்கான மருந்துகளைச் சுகாதார அமைச்சின் மலேரியாத் தடுப்பு இயக்கமே தன் கையில் வைத்துக்கொண்டது; தனியார் மருந்தகத்தில் அவை கிடைப்பதில்லை. கொழும்பின் மிக வசதியான தனியார் வைத்தியசாலையில் படுத்திருக்கும் நோயாளிக்கும் மருந்து வேண்டுமானால் இயக்கத்துக்குத் தொலைபேசி அழைப்பு விடுத்தே ஆக வேண்டும். அறிவிக்க வேண்டிய நோய் என்று சட்டத்தில் எழுதி வைப்பதால் கிடைக்காத ஒத்துழைப்பு, மருந்துப் பெட்டியின் சாவியால் கிடைத்துவிடுகிறது.

1999ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த நோயாளர் எண்ணிக்கை 2007இல் இருநூறுக்கும் கீழே வந்தது. அந்தக் காலத்தின் கணிசமான பகுதி போர்க் காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. நோயின் சுமை அதிகமாக இருந்தது வடக்கிலும் கிழக்கிலும். முன்னரங்கக் கோட்டுக்கு அப்பாலிருந்த பகுதிகளிலும் அரச சுகாதார ஊழியர்கள் பணியில் இருந்தார்கள், அவர்களுடைய சம்பளமும் போய்ச் சேர்ந்தது. நுளம்பு வலைகளும் பூச்சிகொல்லியும் மருந்தும் மனிதாபிமான அமைப்புகளின் துணையுடன் கோட்டைக் கடந்தன. நுளம்புக்கு எதிரான வேலையில் இரு தரப்புக்கும் இழப்பில்லை என்பதால் அது சாத்தியமாயிற்று என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதனைச் சாவடியில் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் அனுமதி கேட்டு நாட்கணக்கில் நின்ற காலத்தில், ஆய்வுகூடச் சாயமும் கண்ணாடித் தகடும் கொண்ட பெட்டி போய்ச் சேர வேண்டுமானால் அதற்குப் பின்னால் பெயர் தெரியாத பலருடைய பிடிவாதம் இருந்திருக்க வேண்டும்.

போர் முடிந்த 2009க்குப் பின்னர்தான் திட்டத்தின் இயல்பே மாறியது. நோய் பெருகியிருக்கும் காலத்தில் கண்காணிப்பு என்றால் எண்ணுவது: எந்த மாவட்டத்தில் எத்தனை, போன மாதத்தைவிட ஏற்றமா இறக்கமா என்று பார்த்து, எங்கே மருந்து தெளிப்பது என்று முடிவெடுப்பது. நோய் அருகிய பின் எண்ணுவதால் பயனில்லை. ஒவ்வொரு நோயாளியும் ஒரு தனி விசாரணை ஆகிவிடுகிறார். அவருக்கு எங்கே தொற்றியது, எந்த வகை ஒட்டுண்ணி, கடைசியாக எங்கெல்லாம் இரவில் தங்கினார், அந்த வீடுகளைச் சுற்றி எந்த நுளம்பு உள்ளது, அயலில் வேறு எவருக்கேனும் காய்ச்சல் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அவருடைய கோப்பு மூடப்படும். நோயாளி வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். பால்சிபாரம் வகை என்றால் 28 நாட்களும், வைவாக்ஸ் வகை என்றால் ஓராண்டு வரையும் அவரைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். சீனாவில் இதையே 1-3-7 என்று சூத்திரமாக்கினார்கள்: ஒரு நாளுக்குள் அறிவிப்பு, மூன்று நாட்களுக்குள் விசாரணை, ஏழு நாட்களுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. 2021இல் சீனாவும் சான்றிதழ் பெற்றது. கடைநிலை ஊழியருக்குக்கூட மனத்தில் நிற்கும் என்பதுதான் அந்தச் சூத்திரத்தின் பலம். நூறு பக்கக் கையேடு அப்படி நிற்பதில்லை.

இனிச் சிரமங்கள். முதலாவது, இப்போது வரும் நோயாளிகளில் அநேகமாக எவரும் முன்பு நோய் இருந்த இடத்திலிருந்து வருவதில்லை. முன்பு அது மொனராகலையின் சேனை விவசாயிக்கும் வன்னியின் சிறு குளத்தருகே குடியிருந்தவருக்கும் வந்த நோய். 2013க்குப் பிறகு ஆண்டுதோறும் சில பத்துப் பேரிடம் கண்டறியப்படும் மலேரியா, ஆப்பிரிக்காவுக்கு மாணிக்கக்கல் வாங்கப் போய் வந்த வியாபாரியிடமும், ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றித் திரும்பிய சிப்பாயிடமும், வட இந்தியாவுக்கு யாத்திரை போனவரிடமும், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளியிடமும் இருக்கிறது. படகில் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ அனுப்புவதாகச் சொன்ன முகவர்களை நம்பி மேற்கு ஆப்பிரிக்காவில் மாதக்கணக்கில் சிக்கியிருந்து திரும்பியவர்களும், தமிழகத்து முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய அகதிகளும் இந்தப் பட்டியலில் வந்திருக்கிறார்கள். இவர்களில் சிலரைத் திட்டமிட்டு எட்ட முடியும். படையினருக்குப் புறப்படும் முன் தடுப்பு மருந்தும், திரும்பியதும் பரிசோதனையும் உண்டு. முறையாகத் திரும்பும் அகதிகளை விமான நிலையத்திலேயே சந்திக்கலாம். வியாபாரியை அப்படிப் பிடிக்க முடியாது. தடுப்பு மாத்திரை இலவசம் என்று தெரிந்தும் வாங்காமல் போகிறவரே அதிகம்.

விமான நிலையத்தில் எல்லோரையும் சோதித்துவிட்டால் போதாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போதாது. பால்சிபாரம் தொற்றியவர் விமானத்திலிருந்து நல்ல உடல்நிலையோடு இறங்கி, வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துக் காய்ச்சலில் விழலாம். வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடந்து பல மாதங்களுக்குப் பிறகு எழும். அந்த உறக்க நிலையில் எந்தக் குருதிப் பரிசோதனைக்கும் அது அகப்படாது. ஆகவே வாசலில் நிற்கும் காவலைவிட, நாட்டின் உள்ளே எந்த மூலையில் காய்ச்சல் வந்தாலும் அதைச் சந்தேகிக்கும் ஒரு வைத்தியர் இருப்பதே உண்மையான பாதுகாப்பு.

அந்த வைத்தியரைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். எனது மதிப்பீட்டில் தேசியக் கண்காணிப்பின் மிகப் பெரிய சிக்கல் இதுவே. பணத்தையும் கருவிகளையும்கூட நான் இதற்குப் பின்னால்தான் வைப்பேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் அநுராதபுரத்தில் பணியாற்றிய எந்த இளம் வைத்தியரும் நடுக்கத்தோடு வரும் காய்ச்சலைப் பார்த்தவுடனே குருதிப் பூச்சு (நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தகட்டில் பூசும் குருதித் துளி) எடுக்கச் சொல்லியிருப்பார். இன்று பட்டம் பெற்று வெளிவருகிறவர் தன் பயிற்சிக் காலம் முழுவதிலும் ஒரு மலேரியா நோயாளியையும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் டெங்கு நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். காய்ச்சல், உடல்வலி, குறைந்துவரும் குருதிச் சிறுதட்டுக்கள் என்ற மூன்றும் மலேரியாவிலும் உண்டு. முதல் நாள் டெங்கு என்று நினைத்து, மூன்றாம் நாள் சோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்து, வேறு வைத்தியரிடம் போய், ஐந்தாம் நாளில் யாரோ ஒருவர் "அண்மையில் வெளிநாடு போனீர்களா?" என்று கேட்ட பிறகே மலேரியாப் பரிசோதனை நடக்கிறது. பால்சிபாரத்துக்கு அந்த ஐந்து நாள் உயிரைப் பறிக்கப் போதுமானது. வைவாக்ஸில் உயிராபத்து குறைவு என்றாலும், அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் நுளம்பு எத்தனை என்பது யாருக்கும் தெரியாது.

இதற்குச் சுற்றறிக்கை மருந்தாகாது. வைத்தியர்கள் வாசிக்காமல் விடுவதற்குப் பழகிய ஒரு வகை எழுத்து உண்டென்றால் அது சுற்றறிக்கைதான். பயன் தந்தவை வேறு: நோயாளியின் அனுமதிப் பத்திரத்திலேயே பயண வரலாற்றுக்கு ஓர் இடம், 24 மணி நேரமும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண், ஒவ்வொரு நோயாளியின் கதையையும் பெயர் நீக்கி, எங்கே தாமதமானது என்பதைக் குற்றஞ்சாட்டாமல் அலசும் மாதாந்தக் கூட்டம். குற்றஞ்சாட்டாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாமதத்துக்காக ஒருவர் ஒருமுறை அவமானப்பட்டால், அடுத்த தாமதம் பதிவேட்டிலிருந்தே மறைந்துவிடும்.

ஆய்வுகூடத்திலும் இதே மறதி நேரும். ஆயிரக்கணக்கான பூச்சுகளைத் தொடர்ந்து பார்த்தும் ஓர் ஒட்டுண்ணியையும் காணாத கண், ஆயிரத்து ஒன்றாவதில் அது இருந்தாலும் கடந்து போய்விடும். ஒட்டுண்ணி இருந்த பழைய பூச்சுகளைப் பாதுகாத்து வைத்து, அவ்வப்போது சொல்லாமல் இடையில் செருகி, தொழில்நுட்பவியலாளரின் திறமையைச் சோதிப்பதும், எதிர்மறை என்று வந்தவற்றில் ஒரு பங்கை மறுபடி பார்ப்பதும் இதற்காகவே. உடனடிப் பரிசோதனைப் பட்டி வந்துவிட்டதே, நுணுக்குக்காட்டி எதற்கு என்பவர்களுக்கு ஒரு தகவல்: பால்சிபாரத்துக்காக அந்தப் பட்டி தேடும் புரதம், சிகிச்சை முடிந்து ஒட்டுண்ணி அழிந்த பிறகும் வாரக்கணக்கில் குருதியில் தங்கியிருக்கும். நோய் குணமாயிற்றா என்ற கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியாது.

கண்காணிப்பு வேலை செய்கிறது என்பதற்கு 2018 டிசம்பரில் ஒரு சோதனை வந்தது. மொனராகலை மாவட்டத்தில் வேலைக்கு வந்திருந்த இந்தியத் தொழிலாளி ஒருவரிடமிருந்து, வெளிநாடு சென்றிராத உள்ளூர்வாசி ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. 2012க்குப் பிறகு இலங்கை மண்ணில் ஒரு நுளம்பு மனிதனிலிருந்து மனிதனுக்கு மலேரியாவைக் கடத்தியதாக அறியப்பட்ட முதல் நிகழ்வு அதுவே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகைப்பாட்டில் இது வெளியிலிருந்து வந்த நோயின் முதல் தலைமுறைத் தொற்று. நாடு தன் சான்றிதழை இதனால் இழப்பதில்லை. ஒரே இடத்தில் ஒரே வகை ஒட்டுண்ணியால் ஆண்டுக்கு மூன்று உள்நாட்டு நோயாளிகளாவது தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு வந்தால்தான் நோய் மீண்டும் நிலைகொண்டதாகக் கருதப்படும். அயலாரின் குருதி சோதிக்கப்பட்டது, நுளம்புகள் ஆராயப்பட்டன, தொற்று அந்த ஒருவரோடு நின்றது. நோய் மீண்டும் பரவத் தொடங்கிய 1967இல் இல்லாதது இதுதான்: இருநூறாவது நோயாளி வரும்வரை காத்திராமல், இரண்டாவது நோயாளியிலேயே தொற்றைக் கண்டுபிடிக்கும் வேகம்.

நோயாளியைத் தேடுவதோடு நுளம்பையும் தேட வேண்டும் என்பதற்கு மன்னார் சாட்சி. சான்றிதழ் கிடைத்த சில மாதங்களிலேயே, 2016ஆம் ஆண்டின் இறுதியில், வழக்கமான பூச்சியியல் ஆய்வின்போது மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பின் குடம்பிகள் (தண்ணீரில் வாழும் புழுப்பருவம்) கிணறுகளில் அகப்பட்டன. அதற்கு முன் இலங்கையில் அது இருந்ததாகப் பதிவில்லை. சென்னைக்காரர்களுக்கு இந்த நுளம்பு பழக்கமானது. அந்நகரின் கிணறுகளிலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பல பத்தாண்டுகளாகப் பரப்பி வந்தது அதுவே. குலிசிபேசிஸ் கிராமத்து நுளம்பு. ஆற்றுப்படுகையும் வாய்க்கால் குட்டையும் அதன் இடம். ஸ்டீபன்சி நகரத்தில் குடியேறும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. வீட்டுக்கொரு கிணறு உள்ள குடாநாட்டில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாடு இருக்கிறது. 2012இல் அங்கே அந்த நுளம்பு கண்டறியப்பட்டபோது ஆண்டுக்கு 27 நோயாளிகள். 2020இல் 73,000க்கும் மேல்.

நிர்வாகச் சிக்கல்களை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் எந்த நாட்டு அரச ஊழியருக்கும் அவை தெரிந்தவையே. மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பின் களப் பணி மாகாணங்களுக்குப் போனது. தொழில்நுட்ப வழிகாட்டல் கொழும்பில் தங்கியது. பிராந்திய மலேரியா அதிகாரி இரண்டு எசமானர்களுக்குப் பதில் சொல்கிறார். மலேரியாவுக்கென்று வந்த வாகனம் டெங்குப் புகையடிப்புக்குப் போவதும், ஓய்வு பெற்ற கள உதவியாளரின் இடம் நிரப்பப்படாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டன. ஒழிப்பின் இறுதிக் கட்டத்துக்கு, எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு எதிரான உலகளாவிய நிதியம் கைகொடுத்தது. நோய் ஒழிந்த நாட்டுக்குத் தொடர்ந்து பணம் தர எந்தக் கொடையாளருக்கும் காரணம் இருப்பதில்லை. மலேரியா ஊழியர்களை முழுவதுமாக மற்ற நோய்த் தடுப்புப் பிரிவுகளோடு இணைத்துவிடலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. கள ஊழியரை இணைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர் ஏற்கனவே டெங்குக் குடம்பியையும் தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால் மருந்தின் சாவியையும், ஒட்டுண்ணியை இனங்காணும் கண்களையும், பூச்சியியலாளரையும், இரவில் தொலைபேசியை எடுப்பவரையும் கொண்ட ஒரு சிறிய உட்கரு மலேரியாவுக்கென்றே தனியாக இருந்தாக வேண்டும்.

இனி அந்தக் குருதிப் பரிசோதனைகள். சான்றிதழை ஒட்டிய ஆண்டுகளில் அவை ஆண்டுக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டின. சான்றிதழ் பெறும் வரை அவை அவசியமாக இருந்தன. தேடினோம், இல்லை என்று வெளியாருக்குக் காட்ட வேறு வழி கிடையாது. இப்போது அதே அளவில் தொடர வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஏனெனில் வெளியிலிருந்து வரும் நோயாளிகளில் பெரும்பாலானோர் காய்ச்சலோடு தாமாக வைத்தியசாலைக்கு வந்து கண்டறியப்பட்டவர்களே. ஊர்களில் பொதுவாக எடுத்த பூச்சுகளில் அகப்பட்டவர்கள் மிகச் சிலர். பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அவற்றைப் பயணிகள், வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகள், ஸ்டீபன்சி உள்ள ஊர்களின் காய்ச்சல் நோயாளிகள் என்று குறிவைப்பதே சரியான திசை. மற்ற நாடுகளின் திட்ட முகாமையாளர்கள் என்னிடம் கேட்டால், எத்தனை இலட்சம் பூச்சு எடுத்தீர்கள் என்ற கணக்கை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தில் ஒரே ஓர் எண்ணை மாதந்தோறும் எழுதச் சொல்வேன்: ஒரு மலேரியா நோயாளி காய்ச்சலோடு முதல் வைத்தியரின் முன் உட்கார்ந்த நாளுக்கும், அவருடைய விரலில் ஊசி குத்திக் குருதி எடுத்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள்?